நாளைக்கு நடப்பதை இன்றைக்கே போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர், ஊர் தேரூர். முப்பது வருஷ வேலையில் பாதிக்கு மேல் நாகர்கோவில் – கன்னியாகுமரி வண்டியில் கழிந்தது. முதல் ட்ரிப்புக்கு முன்னால் சாயா குடித்துக்கொண்டே உங்கள் பத்திரிகையைப் புரட்டிப் பழகியவன். வேலையை விட்டும் அந்தப் பழக்கம் விடவில்லை. அந்த உரிமையில் ஒரு குறை சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

பிப்ரவரி 3ஆம் தேதி உள்ளூர்ப் பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. முந்தின நாள் உலக ஈரநில நாள். ஒரு கல்லூரியில் கருத்தரங்கு. குத்துவிளக்கைச் சுற்றி ஒன்பது பேர், எல்லார் தோளிலும் பொன்னாடை. ஒன்பது பேரின் பெயரும் பட்டமும் பதவியும் பிழையில்லாமல் இருந்தன. பேச வந்த விஞ்ஞானி என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. சரி, எனக்கு அது தேவைப்படவில்லை. நான் அந்த அரங்கின் கடைசி வரிசையில் இருந்தேன். பேத்தி அங்கே படிக்கிறாள், அவள் சொல்லித்தான் எனக்கே தெரியும். பேசப்பட்டது எங்கள் குளத்தைப் பற்றி. ஊரிலிருந்து போனது நான் ஒருவன். மறுநாள் சாயாக்கடையில் படத்தைப் பார்த்த நாலு பேர், "நம்ம குளத்தப் பத்தியா? முன்னாலயே சொல்லியிருந்தா போயிருப்போம்லா?" என்றார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு இதில் என்ன அக்கறை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுசீந்திரம் குளத்தை ஒட்டி வண்டி போகும்போது, கார்த்திகை தொடங்கி மாசி வரைக்கும், உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் ஒரே பக்கமாகத் திரும்புவார்கள். "அண்ணே, அது என்ன பறவை?" என்று யாராவது கேட்பார்கள். நான் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே பதில் சொல்வேன். வெள்ளையாக இருந்தால் கொக்கு, கறுப்பாக இருந்தால் நீர்க்காக்கா. முப்பது வருஷமும் இந்த இரண்டு பெயரை வைத்தே ஒப்பேற்றினேன். ஒருமுறை ஒரு வெளிநாட்டுக்காரர், கன்னியாகுமரிக்கு டிக்கெட் எடுத்தவர், குளத்தைப் பார்த்ததும் "ஸ்டாப், ஸ்டாப்" என்று கத்திப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். ஆள் கொஞ்சம் கழன்ற கேஸ் என்று நானும் டிரைவரும் கன்னியாகுமரி வரை சிரித்துக்கொண்டே போனோம். இப்போது அதே குளக்கரையில் காலை ஆறரைக்கு நானே நிற்கிறேன். தாண்டிப் போகிற வண்டிகளில் யார் யார் சிரிக்கிறார்களோ.

கருத்தரங்குக்கு வருவோம். பத்து மணி என்று போட்டுப் பத்தே முக்காலுக்குத் தொடங்கினார்கள். இறைவணக்கம், விளக்கேற்றுதல், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை மூன்று. ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தி, நினைவுப்பரிசு கொடுத்து, அதைப் படம் எடுத்து, படம் சரியாக விழவில்லை என்று வாங்கிய பரிசைத் திருப்பி வாங்கி இன்னொரு தடவை கொடுத்தார்கள். விஞ்ஞானி அம்மா கையில் மைக் வந்தபோது மணி பன்னிரண்டு ஐந்து. பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. அவர் அந்த இருபத்தைந்து நிமிஷத்தில் அறுபது படங்களை ஓட்டினார். திரையில் எழுத்தெல்லாம் ஆங்கிலம், பேச்சில் பாதி ஆங்கிலம். பிள்ளைகள் வருகைப்பதிவுத் தாளைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள், சான்றிதழுக்கு அது வேண்டுமாம். "கேள்வி இருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு" என்று அறிவித்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அரங்கில் நாற்காலிகள் மட்டும் இருந்தன.

அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். கை கழுவுகிற இடத்தில் அவரைப் பிடித்தேன். மணக்குடி ரூட்டிலும் நான் ஓடியிருக்கிறேன். புத்தளம் பக்கம் உப்பளத்தில் சில பாத்திகளில் தண்ணீர் செவசெவ என்று கிடக்கும். ஏதோ கம்பெனிக் கழிவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று பயணிகள் பேசிக்கொள்வார்கள், நானும் ஆமாம் போடுவேன். அதைக் கேட்டேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. உப்பு ஏற ஏற மீன் எதுவும் தாக்குப்பிடிக்காது. மிஞ்சுவது சில நுண்ணுயிர்களும் ஒரு வகை நுண்பாசியும் பொடியிலும் பொடியான ஓர் உப்புநீர் இறாலும்தான் என்றார். அந்தப் பாசி வெயிலையும் உப்பையும் தாங்குவதற்காக உடம்பில் ஒரு நிறச்சத்தைச் சேர்த்துக்கொள்கிறதாம், காரட்டில் இருக்கும் அதே சத்து. சிவப்புக்கு அதுவும் ஒரு காரணம். கழிவு ஒன்றும் இல்லை. பூநாரை அங்கே வந்து இறங்குவதும் இந்தப் பாசிக்கும் இறாலுக்கும்தான். அழைப்பிதழின் பின்பக்கத்தில் அதன் அலகை வரைந்து காட்டினார். தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே வரும்படி தண்ணீருக்குள் விட்டு, நாக்கைப் பம்பு மாதிரி அடித்துத் தண்ணீரை உள்ளே இழுத்து, அலகின் ஓரத்துச் சல்லடையில் வடிகட்டி விழுங்குகிறது. தின்றதுதான் இறகில் ரோஸ் நிறமாக ஏறுகிறது. குஞ்சு பிறக்கும்போது சாம்பல்தான். "அப்போ தீனி மாறினா சாயம் போயிருமா?" என்றேன். "போகும்" என்றார்.

ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் கையில் சோப்பு நுரையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சாமிதோப்புக்காரர். "எங்க மாமா அங்கதான் உப்பு வாருகாரு, அவருகிட்ட சொல்லணும்" என்றார். அன்றைக்கு அந்தக் கல்லூரியில் நடந்த உருப்படியான கூட்டம் அந்தக் குழாயடிக் கூட்டம்தான் என்பது என் கணக்கு. அந்த அழைப்பிதழை இன்னும் வைத்திருக்கிறேன். முன்பக்கத்தில் ஒன்பது பெயர்கள், பின்பக்கத்தில் பூநாரை.

எங்கள் ஊரில் ஒரு பலகை இருக்கிறது. ராம்சர் தளம் என்று எழுதியிருக்கும். 2022ல் சுசீந்திரம் – தேரூர் ஈரநிலத்தை, 94 ஹெக்டேர் போல வரும், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். வேம்பனூர் குளத்துக்கும் அதே வருஷம்தான் கிடைத்தது. சின்ன மாவட்டம் நம்முடையது, அதில் இரண்டு. சாயாக்கடைக்காரர் என்னிடம் கேட்டது, "எந்த ராம் சார்? பழைய கலெக்டரா?" அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. ராம்சர் என்பது ஈரானில் காஸ்பியன் கடலோரத்து ஊர், 1971 பிப்ரவரி 2 அன்று அங்கே வைத்துத்தான் ஈரநிலங்களுக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது, அதனால்தான் பிப்ரவரி 2ல் விளக்கேற்றுகிறார்கள் என்று பேத்தியிடம் கேட்டு வந்து சொன்னேன். பலகைக்கு அடியில் இரண்டு வரி எழுதியிருந்தால் தீர்ந்த விஷயம்.

கருத்தரங்குக்கு மூன்று வாரம் முன்னால், பொங்கல் சமயத்தில், அதே குளத்தங்கரையில் வேறொன்று நடந்தது. பொங்கலை ஒட்டிய நாலு நாளும் தமிழ்நாடு முழுக்க ஆர்வலர்கள் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள், 2015 முதல் நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது கால் மணி நேரம் நின்று, கண்ணில் பட்டதை எண்ணி, ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். பேத்தியும் கூட்டாளிகளும் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். மொத்தம் பதினான்கு பேர். மேடை கிடையாது, மைக் கிடையாது, முக்காலியில் ஒரு தொலைநோக்கி மட்டும். பால் வாங்கப் போன இரண்டு பெண்கள் என்ன ஏது என்று நின்றவர்கள் நின்றபடியே இருந்துவிட்டார்கள்.

பிள்ளைகள் ஒரு பறவையை வைத்துக்கொண்டு திண்டாடினார்கள். தாமரை இலைமேல் நடக்கிறது, நீள நீளமாக விரல், கழுத்தோரம் மஞ்சள். புத்தகத்தில் நீளவால் இலைக்கோழி என்று போட்டுப் பாதி உடம்புக்கு வால் வரைந்திருக்கிறது. இதற்கு வாலையே காணோம். அந்த நேரத்தில் தாமரை பறிக்கிற ஒருவர் மிதக்கிற டயர் டியூப்பிலிருந்து இறங்கி மொட்டுக்கட்டோடு கரையேறினார். தோவாளைப் பூ மார்க்கெட்டுக்குப் போகிற மொட்டு. எனக்குப் பழகின ஆள், என் வண்டியில் மொட்டுக்கு லக்கேஜ் போட மாட்டேன் என்று சண்டை பிடித்திருக்கிறார். "பாருங்க அண்ணே" என்று பிள்ளைகள் தொலைநோக்கியைக் காட்டினார்கள். முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டக் குனிந்தார். வாடகைக்கு எடுத்து வந்த தொலைநோக்கி, பையன் முகத்தில் கலவரம். அவர் ரொம்ப நேரம் நிமிரவில்லை. நிமிர்ந்து, "கண்டக்டர் அண்ணாச்சி, இருபது வருசமா இவன்கூடத் தண்ணியில கெடக்கேன். இவன் மூஞ்சிய இன்னைக்குத்தான் பாக்கேன். கிட்டப் போனா பறந்துருவான்லா" என்றார்.

அப்புறம் பிள்ளைகள் பக்கம் திரும்பி, இதுதான் அது, தாமரைக்கோழி, வால் இப்போது இருக்காது, ஆனி ஆடியில்தான் நீளும், அது முட்டையிடுகிற காலம் என்றார். புத்தகத்துக்கும் பறவைக்கும் இருந்த வழக்கு அதோடு முடிந்தது. கூடு என்று பெரிதாகக் கட்டாது, இலைமேலேயே நாலு முட்டை. நாம் பக்கத்து இலையை அறுத்துவிட்டால் முட்டையைத் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்து வேறு இலைக்கு மாற்றிவிடும் என்று கழுத்தை ஒடித்து நடித்தும் காட்டினார். அடைகாப்பது ஆண்தான், பெண் அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும் என்று ஒரு பையன் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னான். பால் வாங்கப் போன பெண்களில் ஒருவர், "அப்பாடி, ஒரு எடத்துலயாவது" என்றார். குளக்கரையே சிரித்தது. கொக்கும் நீர்க்காக்காவும் போக எனக்கு அன்றைக்கு ஒன்பது பெயர்கள் புதிதாகக் கிடைத்தன. மீசை ஆலா, நீலத் தாழைக்கோழி, பாம்புத்தாரா, நத்தைகுத்தி நாரை… மற்றவற்றை எழுதி வைத்திருக்கிறேன். குளிர்காலத்தில் வருகிற சிலது மத்திய ஆசியாவிலிருந்து வருவதாம். ஆர்க்டிக் கடலோரம் தொடங்கி இந்துமாக்கடல் வரை முப்பது நாடுகளுக்கு மேல் போகிற ஒரு வான்வழி இருக்கிறது, அதில் நம் மாவட்டம் கிட்டத்தட்டத் தரைக்கோடி என்றார்கள். கடைசி ஸ்டாப் கண்டக்டருக்கு இது எப்படி இனிக்கும் என்று சொல்லவா வேண்டும்.

எல்லாமே இப்படி நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. போன வருஷம் ஒரு கடற்கரை ஊரில் ஆமை பாதுகாப்புக் கூட்டம் என்று கேள்விப்பட்டு மருமகனோடு போனேன். வைத்திருந்தது காலை பதினோரு மணிக்கு. இரவெல்லாம் கடலில் கிடந்து, காலையில் சாளையை ஏலம் விட்டு, ஆண்கள் தூங்குகிற நேரம் அது. யூனிஃபார்ம் போட்ட பள்ளிப் பிள்ளைகளும் நாலைந்து பெண்களும்தான் முன்னால் இருந்தார்கள். வெயிலில் வைத்த திரையில் படம் ஒன்றும் தெரியவில்லை. பேசியவர் "ஆமைகளைக் காப்போம்" என்பதையே சுற்றிச் சுற்றிச் சொன்னார். வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தலையைத் தூக்காமலே, "அது ஏறி முட்டையிட மணல் எங்க சாரே இருக்கு? கல்லுல்லா போட்டு வச்சிருக்கு" என்றார். பேச்சாளர் நல்ல மனுஷன். மைக்கை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் மணலில் உட்கார்ந்தார். முன்பு எந்தெந்த இடத்தில் பங்குனி ஆமை ஏறும், கடலரிப்புக்குத் தடுப்பாகக் கல் போட்டபிறகு எங்கே மணல் அரித்தது, எங்கே சேர்ந்தது, நீவாடு என்கிற நீரோட்டம் எப்படித் திரும்பியது என்று பெரியவர் சொல்லச் சொல்ல அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். பிள்ளைகள் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள்.

அதே ஆட்கள் மாதம் ஒன்று கழித்துச் சாயங்காலம் ஐந்து மணிக்கு, பொரிப்பகத்திலிருந்து குஞ்சுகளைக் கடலில் விடுகிற அன்று, மறுபடி கூட்டம் வைத்தார்கள். ஊரே குழந்தை குட்டியோடு வந்துவிட்டது. உள்ளங்கையில் பாதி இருக்கும் ஒவ்வொரு குஞ்சும். துடுப்பை அடித்து அடித்து மணலில் ஏறி விழுந்து போகிறது. எது ஆண், எது பெண் என்று ஒரு பையன் கேட்டான். பார்த்தால் தெரியாது, அதை முடிவு செய்வது முட்டை கிடக்கிற மணலின் சூடு, குளிர்ந்த மணலில் ஆண், சூடான மணலில் பெண் என்று அவர் சொன்னதும் இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒரு பெண் சட்டென்று, "அப்போ வெயிலு இப்பிடிக் கூடிக்கிட்டே போனா எல்லாம் பொட்டையாவுல்லா பெறக்கும்?" என்றார். அதைத்தான் உலகம் முழுக்க ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றார் பேச்சாளர். எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. பருவநிலை மாற்றம் என்று எத்தனை பேச்சுப் போட்டி நடத்தியிருப்போம், ஒன்றில்கூட இந்தக் கேள்வி வந்ததாக நினைவில்லை.

கடல் பக்கம் இந்த மாதிரிப் பேச்சு பொழுதுபோக்கு அல்ல, வயிற்றுப்பாடு. தூத்தூர் பக்கத்து ஊர்க்காரர்கள் ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் பேர் போனவர்கள். 2001 ஜூலையில் சுறா, திருக்கை வகைகள் அத்தனையையும் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் சேர்த்தார்கள், எதிர்ப்பு வந்ததும் அந்த டிசம்பரிலேயே சில வகைகளுக்கு மட்டும் என்று குறைத்தார்கள். எது பட்டியலில், எது வெளியே என்பதைச் செத்த மீனைக் காட்டிச் சொல்ல வேண்டும். துடுப்பு எங்கே தொடங்குகிறது, புள்ளி எப்படி இருக்கிறது என்று துறையில் வைத்து, உள்ளூர்ப் பெயரோடு சொல்ல வேண்டும். லத்தீன் பெயரைத் துண்டறிக்கையில் அச்சடித்துக் கொடுத்தால் மீன் பொதிவதற்குத்தான் ஆகும். அவர்களுக்கு அறிவியல் தெரியாது என்று மட்டும் யாரும் தொடங்கிவிடக் கூடாது. கரையில் தெரிகிற மலையையும் கோயில் கோபுரத்தையும் நேர்க்கோட்டில் பிடித்து, கணியம் பார்த்து, கடலுக்கடியில் கிடக்கிற பாரின், அதாவது பாறைத்திட்டின், மேல் மிகச் சரியாகப் போய் நிற்கிறவர்கள் அவர்கள்.

கேட்கிறவர் சொல்வதைக் காதில் வாங்கினால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் அகத்தியமலையிலேயே கதை இருக்கிறது. 1987ல் மலைக்குப் போன ஆராய்ச்சியாளர்களுக்கு மூச்சு வாங்கியது, வழிகாட்டிப் போன காணிப் பழங்குடியினருக்கு வாங்கவில்லை. அவர்கள் ஏதோ ஒரு காயை மென்றுகொண்டே நடந்தார்கள். கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் ஆரோக்கியப்பச்சை என்கிற செடி. அதிலிருந்து திருவனந்தபுரத்து ஆய்வகம் ஒன்று மருந்து செய்தது, வருமானத்தில் பாதி காணி மக்களின் அறக்கட்டளைக்கு என்று முடிவானது. அது மலைக்கு அந்தப் பக்கம் நடந்தது. இந்தப் பக்கம் பேச்சிப்பாறையைச் சுற்றியும் காணிக் குடியிருப்புகள் இருக்கின்றன. அங்கிருந்து ஒருவரைப் பேச்சாளர் என்று மேடையில் ஏற்றி நான் பார்த்ததில்லை. ஆடச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பக்கம் என்றதும் இன்னொன்று. திருவனந்தபுரம் வண்டியில் ஓடிய காலத்தில் நெய்யாற்றின்கரையில் வண்டி நிற்கும்போது பஸ் ஸ்டாண்ட் ஓரத்தில் இளைஞர்கள் கொட்டடித்து நாடகம் போட்டுக்கொண்டிருப்பார்கள். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் ஆட்கள், அறிவியலை ஜனங்களிடம் கொண்டுபோக 1962ல் தொடங்கிய இயக்கம். காடு, ஆறு, மருந்து விலை எல்லாம் பாட்டாக வரும். பயணிகள் இறங்கிப் போய்ப் பார்ப்பார்கள், விசில் ஊதி ஊதி எனக்கு வாய் வலிக்கும். நமக்கென்று வில்லுப்பாட்டு இருக்கிறது. கோயில் கொடைத் திருவிழாவில் விடிய விடிய உட்கார்ந்து கேட்கிற ஜனம் இது. அதில் அரை மணி நேரம் குளத்துக் கதை சொன்னால் எழுந்தா போய்விடுவார்கள்? ஒரே எச்சரிக்கை, புத்திமதி சொல்லக் கூடாது. "மரம் வளர்ப்போம் மழை பெறுவோம்" என்று குடத்தைத் தட்டினால் முதல் வரிசைப் பாட்டியே எழுந்து போய்விடுவார்.

ஆளைச் சேர்க்க முடியவில்லை என்று நடத்துகிறவர்கள் சொல்கிறார்கள். முப்பது வருஷம் கூட்டத்தோடு மல்லுக்கட்டியவன் சொல்கிறேன், நம் மாவட்டத்தில் கூட்டத்துக்குப் பஞ்சம் இல்லை. சுசீந்திரத்தில் மார்கழித் தேரோட்டம். குளத்தில் பறவை நிறைந்து கிடக்கிற நேரமும் அதுதான், தேர் பார்க்க வந்தவர்களுக்குக் குளம் கூப்பிடு தூரம். கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3ல் முடிகிறது, அன்று பள்ளிக்கூடம் லீவு, பறவைகள் வந்து இறங்கத் தொடங்கியிருக்கும். மண்டைக்காட்டுக் கொடை மாசியில். கோயிலோ கடற்கரையில், ஆமை மணலேறுகிற பருவமோ அதே மாசி. தக்கலை பீர்முகமது அப்பா ஆண்டுவிழாவுக்கும் ஜனம் திரள்கிறது. வளையல் கடைக்கும் பஞ்சுமிட்டாய்க்கும் நடுவில் ஒரு மேசை, ஒரு தொலைநோக்கி, வாய் சலிக்காமல் பேசக்கூடிய இரண்டு பேர் இருந்தால் போதும். கூட்டம் கூடினால் பறவை பறந்துவிடும் என்று பேத்தியின் கூட்டாளிப் பையன் ஒருவன் கவலைப்பட்டான். நியாயம். கயிறு கட்டித் தள்ளி நிறுத்தட்டும், தொலைநோக்கி பின்னே எதற்கு இருக்கிறது?

ஆர்வம் இல்லை என்பதையும் நான் நம்ப மாட்டேன். 2023 ஜூனில் அரிக்கொம்பன் யானையைக் கொண்டுவந்து மேல்கோதையாறு பக்கம் விட்டார்களே, அந்த ஒரு மாதமும் சாயாக்கடை சாயாக்கடையாக யானை ஆராய்ச்சிதான் நடந்தது. யானைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தீனி, எவ்வளவு நடக்கும், பழைய காட்டுக்குத் திரும்புமா என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். தெரிந்தவர் ஒருவர் அப்போது வந்து ஒரு சாயாவைக் குடித்துக்கொண்டே பேசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். பழக்கடைக்குப் போனாலும் அப்படித்தான். வாழையில் மட்டி, செந்துளுவன், ஏத்தன், பேயன், பாளையங்கோட்டான், ரசகதலி என்று தோலைப் பார்த்தே இனம் பிரிக்கிற ஊர் இது. நம் மட்டிக்கு 2023ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பல்லுயிர் என்று மேடையில் சொல்வது இதையும் சேர்த்துத்தான் என்று எனக்கே போன வருஷம்தான் தெரியும்.

இன்னொரு குறையையும் இங்கேயே இறக்கி வைத்துவிடுகிறேன். 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு குழு இருக்க வேண்டும், ஊர் மக்களோடு கலந்து பேசி மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்று எழுத வேண்டும். 2020 ஜனவரி 31க்குள் நாடு முழுக்க முடிக்கச் சொல்லிப் பசுமைத் தீர்ப்பாயம் கெடுவும் வைத்தது. ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டேன். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், எங்கள் ஊர் இல்லை. முதலில் "என்ன ரெஜிஸ்டர்?" என்றார்கள். பிறகு கம்ப்யூட்டரில் தேடி எடுத்தார்கள். பட்டியல் நீளமாகத்தான் இருந்தது. பாம்புகளில் நாகம், கண்ணாடி விரியன் எல்லாம் இருந்தன. அவற்றுக்கு நம் ஊரில் சொல்கிற பெயர்கள்தான் இல்லை, மூர்க்கன் இல்லை, அணலி இல்லை, சாரையைச் சொல்கிற சேரை இல்லை. நம் வீட்டுக் கிழவிகள் பார்த்தால் இது ஏதோ வெளியூர்ப் பாம்பு என்பார்கள். யாரைக் கேட்டு எழுதினீர்கள் என்றேன். தெரியவில்லை. அந்தத் தாமரைக்காரரையும் வலை பொத்திய பெரியவரையும் கூப்பிட்டு ஒரு சாயங்காலம் உட்கார வைத்திருந்தால் பதிவேட்டுக்குப் பத்துப் பக்கம் கிடைத்திருக்கும், ஊருக்கும் ஒரு கூட்டம் நடந்திருக்கும்.

இனி உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன். "இன்றைய நிகழ்ச்சி" என்று ஒரு பகுதி வைத்திருக்கிறீர்கள். கோயில் கொடை, ஜெபக்கூட்டம், கண் சிகிச்சை முகாம், கட்சிக் கூட்டம் எல்லாம் வருகின்றன. மின்தடையை முந்தின நாளே போட்டுவிடுகிறீர்கள், அதற்கு நன்றி. பறவை, ஆமை, செடி, பாம்பு பற்றிய பேச்சு மட்டும் முடிந்தபிறகு படமாக வருகிறது. நடத்துகிறவர்கள் முன்கூட்டித் தருவதில்லை என்று நீங்கள் சொல்லலாம். அப்படியானால் "முன்கூட்டித் தந்தால்தான் செய்தி போடுவோம்" என்று ஒரு வரி போட்டுப் பாருங்கள், மறு வாரமே உங்கள் வாசலில் வரிசை நிற்கும். இடம், நேரம், பேசுகிறவர் பெயர், பேச்சு தமிழிலா, வெளியாட்கள் வரலாமா, இவ்வளவு போதும். முடிந்தபிறகும் செய்தி போட இடம் இருந்தால் விளக்கைச் சுற்றி நின்றவர்களுக்குப் பதிலாக, கூட்டத்தில் யாரோ கேட்ட ஒரு நல்ல கேள்வியைப் போடுங்கள். கேட்டவர் பெயரோடு.

முதல் அறிவிப்பை நானே தருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, தேரூர் குளக்கரை, பலகை வைத்திருக்கிற இடம். தாமரை பறிக்கிற அண்ணன் பேச ஒத்துக்கொண்டிருக்கிறார், மைக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. விஞ்ஞானி அம்மாவுக்கும் போன் பண்ணினேன். பொன்னாடை கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், "ரொம்ப சந்தோஷம்" என்றார். தொலைநோக்கி இரண்டு இருக்கும். சாயாவும் ஏத்தங்காய் சிப்ஸும் நம் கடைக்காரர் செலவு. யாரும் வரலாம். பச்சையோ பழுப்போ மங்கிய நிறத்தில் சட்டை போட்டு வந்தால் நல்லது, செருப்பு நனையும். நாகர்கோவிலிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் வருகிறவர்கள் சுசீந்திரத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். முதல் வண்டியில் ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டாமல், தயவுசெய்து சில்லறை கொண்டு வரவும்.

சனிக்கிழமைப் பத்திரிகையில் இது வந்தால் உபகாரம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர்,
தேரூர், கன்னியாகுமரி மாவட்டம்.